கூர் இல்லாத வாளோடு பன்னிரண்டு கட்டாக்கள்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

என்னுடையது துத்தநாகமும் அலுமினியமும் கலந்த உலோகத்தில் செய்த பயிற்சி வாள். தீட்டினாலும் கூர் ஏறாது. கியோத்தோவில் இயாய்டோ, அதாவது வாளை உறையிலிருந்து உருவி வெட்டும் ஜப்பானியக் கலையைக் கற்கத் தொடங்கிய காலத்தில் வாங்கியது, இன்றும் இதைத்தான் இடுப்பில் செருகுகிறேன். ஜப்பானில் எஃகு வாள் என்றால் மாகாணக் கல்வி வாரியத்தின் பதிவுச் சான்று வேண்டும். இதற்கு அது வேண்டாம். ஆனால் வெளியே கொண்டுபோகும்போது பையில் மூடித்தான் கொண்டுபோக வேண்டும்.

நீளம் 2 ஷாக்கு 4 சுன் 5 பு, அதாவது சுமார் 74 செ.மீ. என் உயரம் 170 செ.மீ.யை ஒட்டியது என்பதால் பொருத்தமாக இருக்கிறது. அழகுக்காக இன்னும் நீளமாக வாங்குகிறவர்கள் உண்டு. நுனியை வெளியே எடுப்பதற்குள் தோள் தூக்கிக்கொள்ளும். ஆசிரியரிடம் அளவு கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கட்டா என்பது வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொடர். நான் அதிகம் பழகுவது அனைத்து ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பின் பொதுக் கட்டாக்களை. 1969இல் ஏழாகத் தொடங்கி, 1980இல் மூன்றும் 2000இல் இரண்டும் சேர்ந்து இப்போது 12 ஆகியிருக்கின்றன. போட்டியில் இவற்றிலிருந்தும் பழைய வாட்கலைப் பள்ளிகளின் கட்டாக்களிலிருந்தும் ஐந்தை 6 நிமிடத்துக்குள் செய்ய வேண்டும்.

முதல் கட்டா ‘மாஎ’. மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறோம். எதிரே இருப்பவர் தாக்கப்போகிறார் என்று உணர்ந்ததும், வாளை உருவும் அதே வீச்சில் அவர் நெற்றிப்பொட்டில் கிடைமட்டமாக ஒரு வெட்டு. அப்புறம் தலைக்கு மேலே தூக்கி நேர் கீழே ஒரு வெட்டு. ரத்தத்தை உதறும் அசைவு, உறையில் திரும்பச் செருகுதல், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் என் வாள் எங்கே தேய்ந்தது என்பதற்கான காரணம் முழுக்க இந்த ஒரு கட்டாவிலேயே இருக்கிறது.

வலது கை வாளை முன்னே கொண்டுபோகும்போதே இடது கை உறையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். நுனி வெளியேறுவதற்குச் சற்று முன் உறையைப் படுக்கையாகத் திருப்பவும் வேண்டும். இடது கை கொஞ்சம் தாமதித்தாலும் வாள் உறையின் வாயை உள்ளிருந்து சுரண்டும். உறை ஹோ மரத்தில் செய்வது, அது மென்மையான மரம். யார் பழகினாலும் முதலில் தேய்வது அந்த வாய்தான். எனக்கும் சில வருடங்களில் பிடி தளர்ந்து, குனிந்தாலே வாள் தானாக நழுவியது. உள்ளே மெல்லிய மரச்சீவலை ஒட்டியதும் சரியானது. ஒரு பழைய உறையின் வாயைப் பார்த்தாலே அதை வைத்திருப்பவரின் இடது கை எப்படி என்று சொல்லிவிடலாம், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

கைப்பிடியில் குறை இல்லை. திருக்கைத் தோலின் மேல் சுற்றிய பருத்தி நாடா வியர்வையில் கறுத்திருக்கிறது, ஆனால் தளரவில்லை. அதைவிட முக்கியம் வாளைக் கைப்பிடியோடு பிணைக்கும் மெகுகி என்ற சிறிய மூங்கில் ஆணி. ‘சோகிரி’ கட்டாவில் முன்னேறிக்கொண்டே ஐந்து முறை வெட்டுகிறோம். ஆணி தளர்ந்திருந்தால் வாள் பறந்து பக்கத்தில் நிற்பவர் மேல் விழும். ஒவ்வொரு வகுப்புக்கு முன்பும் அதை விரலால் அழுத்திப் பாருங்கள். உதிரி ஆணி ஒன்று பையில் இருக்கட்டும்.

வாளின் பக்கவாட்டில் ஓடும் பள்ளம் வெட்டும்போது காற்றில் ‘விஷ்’ என்று ஒலி எழுப்பும். வாளின் வெட்டும் விளிம்பு கோணலாகப் போனால் ஒலி மங்கும், அதனால் தனியாகப் பழகும்போது உதவுகிறது. ஆனால் பள்ளம் அகலமாக இருந்தால் சுமாரான வெட்டுக்கும் ஒலி வந்துவிடும், அதை மட்டும் நம்பக்கூடாது.

சுருட்டி நனைத்த பாயை வெட்டிப் பார்க்கவோ, இன்னொரு வாளோடு மோதவோ இது ஆகாது. உலோகம் அதைத் தாங்காது. கட்டாவுக்கு மட்டும் என்றால் தயங்காமல் வாங்கலாம். கையிலிருக்கும் பணத்தில் வாளின் அலங்காரத்தைக் குறைத்து, உறை கச்சிதமாகப் பொருந்துகிறதா என்பதற்குச் செலவழியுங்கள்.