சீன மாணவர்கள் கையில் இருக்கும் அகராதிப் பேனா: ஆங்கில ரீடிங் தேர்வுக்கு வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல் தெரியாமல் தவிக்கிற பிள்ளைக்கு வாங்கிக் கொடுங்கள், சொல் எல்லாம் தெரிந்தும் பத்தி பிடிபடாத பிள்ளைக்கு வேண்டாம். சிங்கப்பூரில் என்னிடம் ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குப் படிக்கும் சீன மாணவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வகை, ஆனால் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்காருவதும் அவர்கள்தான்.

பார்த்திராதவர்களுக்கு: ஹைலைட்டர் மாதிரி தடித்த ஒரு பேனா, நுனியில் சின்ன கேமரா, பக்கவாட்டில் நீளமாக ஒரு திரை. அச்சடித்த வரி மேல் இழுத்தால் ஆங்கிலச் சொல்லுக்குச் சீனப் பொருள் வரும், முழு வாக்கியத்தையும் இழுத்தால் மொழிபெயர்ப்பே வந்துவிடும், உச்சரிப்பையும் படித்துக் காட்டும். நெட்ஈஸ் யூடாவ், ஐஃப்ளைடெக் என்று பல சீன நிறுவனங்கள் இதை விற்கின்றன, சில நூறு யுவானுக்குக் கிடைக்கும். என் வகுப்பில் வெவ்வேறு கம்பெனிப் பேனாக்கள் புழங்குகின்றன, அவற்றைப் பெயர் சொல்லி ஒப்பிடப் போவதில்லை, ஏனென்றால் நான் சொல்ல வருவது இந்த வகைப் பொருளைப் பற்றியே. மெனு முழுக்கச் சீன எழுத்தில்தான் இருந்தது, அதனால் அமைப்புகளை மாணவர்களையே மாற்றித் தரச் சொல்வேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். வேகம் உண்மையிலேயே அருமை. போனை எடுத்துச் சொல்லைத் தட்டச்சு செய்து, அப்படியே விசாட் அரட்டைச் செயலிக்குள் காணாமல் போகிற ஆபத்து இதில் இல்லை. தேடிய சொற்கள் சேமிப்பில் இருப்பதால் வார இறுதியில் அந்தப் பட்டியலை வைத்தே திருப்பிப் பார்க்கலாம். உச்சரிப்பு பரவாயில்லை, எழுத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்கிற பழக்கம் குறைகிறது.

சரி, சிக்கல் எங்கே? "அணையை எதிர்த்த மீனவர்கள் நிலத்தை விற்றார்கள்" என்று நாம் சொல்கிறோம், யார் என்ற விவரம் முன்னால் வருகிறது, மீனவர்கள் பின்னால் வருகிறார்கள். சீன மொழியிலும் அதே வரிசைதான், விவரம் எவ்வளவு நீளமானாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் நிற்கும். ஆங்கிலத்தில் தலைகீழ்: மீனவர்கள் முதலில் வந்துவிடுவார்கள், அப்புறம் 'ஹூ' போட்டு அணையை எதிர்த்த கதை, அந்த அணை 1950களில் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டது என்ற கதை, எல்லாம் முடிந்த பிறகுதான் 'விற்றார்கள்' என்ற முக்கிய வினை. மாணவன் முதலில் கண்ணில் பட்ட 'எதிர்த்த' என்பதையே முக்கிய வினையாக எடுத்துக்கொள்கிறான். 'த டேம் பில்ட்' என்று வரும் இடத்தில் அணையே எதையோ கட்டியதாகப் படிக்கிறான், ஏனென்றால் சீன மொழியில் வினைச்சொல் உருமாறுவதே இல்லை, 'பில்ட்' இங்கே 'கட்டப்பட்ட' என்ற வேலையைச் செய்கிறது என்று காட்ட அவன் பழகிய அடையாளம் எதுவும் அந்த இடத்தில் இல்லை. இந்த வாக்கியத்தில் அவனுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூடக் கிடையாது. பேனாவை ஒவ்வொரு சொல்லாக இழுத்தாலும் அது ஏற்கெனவே தெரிந்ததைத்தான் திரும்பச் சொல்லும்.

முழு வாக்கியத்தை இழுத்தால்? அழகான சீன வாக்கியம் வரும், பெரும்பாலும் சரியாகவே வரும், எனக்குக் கவலை தருவதும் அதுதான். எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று கண்டுபிடிக்கிற உழைப்பு முழுவதையும் பேனாவே செய்துவிடுகிறது, பையன் "புரிந்துவிட்டது, ஆசிரியரே" என்று அடுத்த வரிக்குப் போய்விடுகிறான். தேர்வு அறைக்குள் பேனாவைக் கொண்டுபோக முடியாது, அங்கே 60 நிமிடத்தில் 3 பத்திகள், 40 கேள்விகள்.

பல பொருள் உள்ள சொற்களிலும் கவனம் வேண்டும். 'அட்ரஸ்' வினைச்சொல்லாக வந்து ஒரு பிரச்சினையைக் கையாள்வதைக் குறிக்கும்போதும், தனிச்சொல்லாக இழுத்தால் முதலில் வருவது முகவரிதான், கீழே நகர்த்திப் பார்க்கிற பொறுமை பதினாறு வயதில் பலருக்கு இருப்பதில்லை. வரி முடிவில் உடைந்து அடுத்த வரிக்குப் போகும் சொற்களிலும், புத்தகத்தின் நடுவே வளைந்திருக்கும் பக்கங்களிலும் எழுத்துத் தப்பாக விழுகிறது.

கேள்விகளுக்கு இது சுத்தமாக உதவாது. சீனாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவில் ரீடிங் பத்திகளுக்கு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பழகிய பிள்ளைகள் இவர்கள். ஐஈஎல்டிஎஸ்ஸில் சரி, தவறு என்பதோடு 'பத்தியில் சொல்லப்படவில்லை' என்ற மூன்றாவது விடையும் இருக்கிறது. பத்தி ஒரு கருத்தை மறுக்கிறதா, இல்லை அதைப் பற்றிப் பேசவே இல்லையா என்று பிரிக்க வேண்டும், அதுவும் பத்தியில் ஒரு சொல், கேள்வியில் அதே பொருளுக்கு வேறு சொல் என்று மாற்றி எழுதியிருப்பார்கள். என் மாணவர்கள் மதிப்பெண்ணை அதிகம் இழக்கும் இடம் இதுதான், எந்த மொழிபெயர்ப்பும் இந்த முடிவை அவர்களுக்காக எடுத்துத் தராது.

அதனால் வகுப்பில் இப்படி வைத்திருக்கிறேன்: முதல் வாசிப்பில் பேனா பைக்குள். நீளமான வாக்கியங்களில் முக்கிய வினையைப் பென்சிலால் வட்டமிட வேண்டும், 'யார் செய்தார்கள்' என்பதற்கு அடிக்கோடு போட வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவருக்குப் பத்தியைச் சீன மொழியிலேயே வாயால் சொல்ல வேண்டும், தாய்மொழிக்குத் தடை போடுகிற வகுப்புகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. சொல்லும்போது தடுமாறுகிற இடம்தான் புரியாத இடம். அங்கே மட்டும் பேனா, அதுவும் தனிச்சொல்லுக்கு மட்டும். வாக்கிய மொழிபெயர்ப்பு கடைசியில், தான் சொன்னது சரியா என்று ஒத்துப் பார்க்க. இப்படிப் பயன்படுத்தினால் நல்ல துணைதான்.

வாங்குவதற்கு முன் இன்னொன்று. ஐஈஎல்டிஎஸ்ஸைக் கணினியில் எழுதப் போகிறவர்கள் பயிற்சியையும் திரையில்தான் செய்ய வேண்டும். எங்களிடம் இருக்கிற பேனாக்கள் காகிதத்துக்கு மட்டுமே, திரையில் இழுத்தால் ஒன்றும் வராது. அவர்கள் அந்தக் காசுக்குக் கணினியில் எழுதுகிற மாதிரித் தேர்வுகளை வாங்கிக்கொள்ளட்டும்.