ரிஸ்பெரிடோனுடன் எது: ஃபுளுவாக்ஸெடினா, செர்ட்ராலினா?

மனச்சிதைவு போன்ற மனநோய்களுக்கான ரிஸ்பெரிடோனைச் சாப்பிடுபவருக்கு மனச்சோர்வும் சேர்ந்துகொண்டால், ஃபுளுவாக்ஸெடின், செர்ட்ராலின் என்ற இரண்டு மனச்சோர்வு மருந்துகளில் எது என்ற இந்தக் கேள்வி எழும்.

கல்லீரலில்
ஃபுளுவாக்ஸெடின்: ரிஸ்பெரிடோனைச் சிதைக்கும் சி.ஒய்.பி.2டி6 நொதியை வலுவாகத் தடுக்கிறது. டோஸைக் கூட்டாமலேயே ரத்தத்தில் ரிஸ்பெரிடோன் ஏறிவிடும்.
செர்ட்ராலின்: 50 மி.கி. அளவில் லேசாகத்தான் தடுக்கும். 150 மி.கி.யைத் தாண்டினால் இதிலும் கவனம் வேண்டும்.

உடலில்
ரிஸ்பெரிடோன் ஏறினால் சட்டைப் பொத்தான் போட விரல்கள் தடுமாறும். நடக்கும்போது கை வீசாது. உட்கார்ந்த இடத்தில் கால் நிலைகொள்ளாது. இந்தத் தவிப்பை நோய் முற்றியதாக எண்ணி மாத்திரையைக் கூட்டிவிடுகிறார்களே, அதுதான் என் பெரிய கவலை. செர்ட்ராலினுடன் இந்த ஆபத்து குறைவு. அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

நிறுத்தினால்
செர்ட்ராலின்: சில நாட்களில் பெரும்பாலும் வெளியேறிவிடும்.
ஃபுளுவாக்ஸெடின்: தாக்கம் வாரக்கணக்கில் நீடிக்கும்.
எதையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

விலை
இரண்டுமே ஜெனரிக்காக, அதாவது பிராண்டு பெயர் இல்லாத மலிவான வடிவில், கிடைக்கின்றன.

முதியவருக்கும், முன்பே நடுக்கமோ இறுக்கமோ வந்தவருக்கும் செர்ட்ராலின்தான் பொருத்தம் என்பேன். மாத்திரையை அடிக்கடி மறப்பவருக்கு ஃபுளுவாக்ஸெடின் வசதி. ஆனால் ரிஸ்பெரிடோன் அளவைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.