மாட்டாஸ்பத்திரியா, பெட் கிளினிக்கா?

கால்நடை மருத்துவம் ஐந்தரை ஆண்டுப் படிப்பு, கடைசி ஓராண்டு பயிற்சியையும் சேர்த்து. முடித்தவர்களில் பலர் தடுமாறுவது இங்கேதான்: அரசுக் கால்நடை உதவி மருத்துவர் ஆவதா, நகரத்தில் நாய், பூனை பார்ப்பதா? நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வேலையும் உண்டு. அங்கே ஒரு கொட்டகையே ஒரு நோயாளி. அது தனி உலகம்.

கிராமத்து அரசுக் கால்நடை மருந்தகத்தில் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்), குடற்புழு மருந்து, கோமாரித் தடுப்பூசி முகாம் என்று நாள் ஓடும். ஸ்கேன் இல்லாத இடத்தில் மாட்டின் ஆசனவாய்க்குள் கையை விட்டுத்தான் சினை பார்க்க வேண்டும். ஆனால் அங்கே கிடைக்கும் கைப்பழக்கம் வேறெங்கும் கிடைக்காது. கன்று போட்ட மறுநாள் கறவை மாடு எழ முடியாமல், கழுத்தை விலாப்பக்கம் மடக்கிக் கிடக்கும். காதைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். பால் காய்ச்சல், ரத்தத்தில் கால்சியம் சரிந்துவிட்டது. கழுத்து ரத்தக்குழாயில் கால்சியத்தை மெதுவாக ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் இதயமே நின்றுவிடும். அதனால் பாட்டிலைப் பிடித்தபடியே நெஞ்சுத் துடிப்பையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மாடு ஏப்பம் விடும், சாணி போடும், பல நேரம் எழுந்தும் நின்றுவிடும். அந்த வீட்டின் பால் காசு பிழைத்தது!

பெண்களுக்கு மாட்டு வைத்தியம் ஒத்துவராது என்று இன்னமும் சொல்கிறார்கள். தவறு. பிரசவத்தில் கன்று வயிற்றுக்குள் குறுக்கே நின்றால் முதலில் அதை உள்ளே தள்ளி, தலையையும் காலையும் நேராக்கிக் கயிறு கட்டுவதுதான் வைத்தியம். இழுக்க ஊரில் ஆள் இருக்கிறது.

பெட் கிளினிக்கில் கருவி உண்டு, ரத்தப் பரிசோதனை உண்டு, நோயைக் கண்டுபிடிக்கும் திருப்தி அதிகம். ஆனால் எக்ஸ்ரே, மயக்க மருந்துக் கருவி, வாடகை எல்லாம் உங்கள் தலையில். தடுப்பூசி போடாத நாய்க்குட்டி பார்வோ வைரஸ் நோய் வந்து ரத்தமாய்க் கழியும். நாள்கணக்கில் டிரிப் ஏற்றியும் சில பிழைப்பதில்லை. வீட்டுப் பிள்ளைபோல வளர்த்தவர்களிடம் அதைச் சொல்வது ஊசி போடுவதைவிடக் கடினம், பில்லை நீட்டுவது இன்னும் கடினம்.

என்னைக் கேட்டால், மருந்தகமே முதலில். சரி, டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அதுவரை நல்ல சீனியரின் கிளினிக்கில் சம்பளத்துக்கு வேலை பாருங்கள். படித்து முடித்த கையோடு கடன் வாங்கிச் சொந்தக் கிளினிக் மட்டும் வேண்டாம்.