மழை மாதத்துச் சக்குலன்டுக்கு ஃபேனா, டீஹியூமிடிஃபையரா?

வேலூரில் சக்குலன்ட், அதாவது இலையில் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் சதைப்பற்றுச் செடி, வளர்ப்பவர்கள் அக்னி நட்சத்திரத்தை நினைத்து ரொம்பக் கவலைப்பட வேண்டியதில்லை. 40 டிகிரி தாண்டும் மே மாத வெயிலைக்கூடக் கொஞ்சம் நிழலில் நகர்த்தி வைத்தால் செடி தாங்கிவிடும். ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்ட பிறகுதான் தொல்லை. ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்கிய எச்சவேரியாவின் அடி இலை மஞ்சளாகி, தண்ணீர் கோத்தது தெரிகிற அளவுக்குத் தெளிந்து, விரல் பட்டதும் கழன்று கையோடு வந்துவிடும். ஜேட் செடியின் தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் கறுத்து நொளநொளத்துப் போகும்.

இந்த ஈரக்காற்றைச் சமாளிக்க என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் ஃபேனைத்தான் சொல்வேன். எங்கள் வீட்டில் செடிகளுக்கென்று வைத்திருப்பதும் அதுதான்.

முதலில், எடுபடாதவற்றை ஒதுக்கிவிடலாம். சிலிக்கா ஜெல் பொட்டலம் மூடிய டப்பாவுக்கு உதவும், திறந்த அறைக்கு ஆகாது. ஏர் கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்ச்சி தருகிறது. அது ஈரத்தைக் கூட்டும், கிட்டவே கொண்டுபோகாதீர்கள். ஏசி ஈரத்தை நன்றாகவே இழுக்கும். ஆனால் மழை நாளில் செடிக்காக யார் இரவெல்லாம் ஏசி ஓட்டுவது? அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை, அதனால் அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆக, மிச்சம் இரண்டுதான்: ஃபேன், காற்றின் ஈரத்தைப் பிரித்தெடுக்கும் டீஹியூமிடிஃபையர்.

டீஹியூமிடிஃபையர் தன் வேலையைச் சரியாகச் செய்யும் கருவி. அறைக்காற்றை உள்ளே இழுத்துக் குளிர்ந்த கம்பிச்சுருளின் மேல் விடுகிறது. ஈரம் அங்கே நீராகப் படிந்து கீழே உள்ள டாங்கில் சொட்டுகிறது. காய்ந்த காற்று, சற்றுச் சூடாக, வெளியே வருகிறது. சத்துவாச்சாரியில் சித்தப்பா வீட்டில் ஒன்று இருக்கிறது. புத்தக அறைச் சுவரில் ஓதம் ஏறியதால் வாங்கினார்கள். அறையை மூடி ஓட்டினால் ஈரப்பத மீட்டரில் 80க்கு மேல் நின்ற எண் கண்ணெதிரே இறங்கும். ஃபேனால் இது முடியாது. எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அந்த எண் அசையாது.

பிறகு ஏன் ஃபேன்? சக்குலன்ட் எப்போது மூச்சு விடுகிறது என்பதில் இருக்கிறது பதில். மற்ற செடிகள் பகலில் இலைத்துளையைத் திறக்கும். எச்சவேரியா, ஜேட், கற்றாழை வகையறா இரவில்தான் திறக்கும். வறண்ட நாட்டுச் செடிகள் என்பதால் தண்ணீர் வீணாகாமல் இருக்க அந்த ஏற்பாடு. இரவில் கரியமில வாயுவை இழுத்து மாலிக் அமிலமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, பகலில் துளையை மூடிவிட்டு வெயிலில் அதைச் செலவழிக்கும். ஆக, செடி நீரை வெளியே விடுகிற நேரமும் இரவு, காற்றில் ஈரப்பதம் உச்சத்துக்குப் போகிற நேரமும் இரவு. வெளியே விட வழியில்லாமல் வேர் மட்டும் தொடர்ந்து குடித்தால் இலையின் செல்கள் வெடித்துச் சொரசொரப்பான தழும்பு விழும். மண் காயாமல் கிடந்தால் பூஞ்சை வேரைப் பிடிக்கும். எந்தக் கருவி வாங்கினாலும் அது ராத்திரியில் ஓடியாக வேண்டும்.

மழை ராத்திரியில் நம் ஊரில் நடப்பது தெரிந்ததுதான். இடி இடித்து, காற்று அடித்ததும் கரண்ட் போகும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். டீஹியூமிடிஃபையரை யாரும் இன்வெர்ட்டர் லைனில் போடுவதில்லை. கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கிற மின்சாரம் அதிகம். ஓடினாலும் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். செடிக்கு மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் அது நின்றுவிடுகிறது. கரண்ட் இருந்தாலுமே நள்ளிரவில் டாங்க் நிரம்பினால் தானாக அணைந்துவிடும். குழாய் மாட்டி வெளியே விடாவிட்டால் எழுந்து போய்க் கொட்ட வேண்டும்.

செலவையும் போட்டுப் பார்க்கலாம். 50 வாட் டேபிள் ஃபேன் தினம் 10 மணி நேரம் ஓடினால் அரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். 250 வாட் டீஹியூமிடிஃபையர் அதே நேரம் ஓடினால் 150 யூனிட். இடையிடையே நின்று ஓடும் என்பதால் அதில் கொஞ்சம் குறையலாம். இத்தனைக்கும் அறையை மூடி வைத்தால்தான் அதற்குப் பலன். சன்னலும் கதவும் திறந்தே கிடக்கிற நம் வீட்டுக் கூடத்தில் வெளிக்காற்றின் ஈரத்தையே இழுத்துக்கொண்டிருக்கும். தை பிறந்த பிறகு அது பரணுக்குப் போய்விடும். குறைந்த விலையில் கைக்கு அடக்கமாகக் கிடைக்கும் ரகம் துணி அலமாரிக்குச் சரி, அறைக்குப் போதாது.

ஃபேன் செய்வது சின்ன வேலைதான். இலையை ஒட்டியும் மண்ணின் மேலும் தேங்கி நிற்கிற ஈரக்காற்றைத் தள்ளிவிட்டு வேறு காற்றைக் கொண்டுவருகிறது. செடிக்கு அதுவே பெரிய உதவி. இலையடுக்கின் நடுவில் தங்கும் நீர்த்துளி விடிவதற்குள் காய்ந்துவிடும். நேராகச் செடி மேல் அடிக்க விடக்கூடாது. பக்கவாட்டில், குறைந்த வேகத்தில், செடிக்குப் பின்னால் மாட்டிய தினசரி காலண்டர் தாளின் நுனி தூக்கித் தூக்கி விழுகிற அளவு போதும். தாள் படபடத்தால் வேகம் அதிகம்.

தொட்டி மண் தொட்டியாக இருக்க வேண்டும், அடியில் ஓட்டையோடு. ஃபேன் காற்று பிளாஸ்டிக் தொட்டியில் மேல்மண்ணை மட்டும் காயவைக்கும். சுட்ட மண்ணின் பக்கச் சுவர் வழியாக உள் ஈரமும் வெளியேறும். கரிகிரி பாண்டம் மாதிரி மெருகு பூசியவை அழகுதான், ஆனால் மெருகு அந்த நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. நர்சரியிலிருந்து வரும் தேங்காய் நார்க் கழிவு ஈரத்தை விடாது; அதை உதறிவிட்டு, பாதிக்குப் பாதி கரடுமுரடான மணலோ உடைத்த செங்கல் பொடிக்கல்லோ கலந்து நடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். புயல் சின்னம் உருவாகி நாலைந்து நாள் விடாமல் பெய்யும்போது வெளிக்காற்றே நீரைச் சுமந்து நிற்கும்; அப்போது ஃபேனும் ஓரளவுக்கு மேல் உதவாது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதே, அந்த மாதிரி நாட்களில் தண்ணீரை அடியோடு நிறுத்துவதுதான் வழி. மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். துடைப்ப ஈர்க்குச்சி ஒன்றை அடி வரை செருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவுங்கள். கறுப்பாக மண் ஒட்டி வந்தால் அடியில் ஈரம் இருக்கிறது. சுத்தமாக வந்தாலும் மழை மாதத்தில் இன்னும் சில நாள் பொறுக்கலாம். இலையில் இருக்கிற நீரை வைத்தே சக்குலன்ட் வாரக்கணக்கில் ஓட்டும்.

சன்னலே இல்லாத உள்ளறையிலோ, கண்ணாடி அடைத்த பால்கனியிலோ நூறு தொட்டி வைத்திருப்பவர்கள் டீஹியூமிடிஃபையர் வாங்கலாம், அங்கே அது தோற்காது. ஓதச் சுவரும் புத்தகமும் இருக்கிற வீடு என்றால் அதோடு செடிக்கும் சேர்த்துப் பயன்படும். கூடத்து சன்னலோரம் பத்துப் பதினைந்து தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு ஃபேன் போதும். புரட்டாசி முடிவதற்குள், இன்வெர்ட்டர் லைன் வருகிற பிளக் பாயின்ட் எது என்று எலெக்ட்ரீஷியனைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, செடி ஸ்டாண்டை அதன் பக்கத்துக்கு நகர்த்திவிடுங்கள்.