ஃபேன் ஸ்விட்சை அணைத்தால் ஸ்பீக்கரில் 'டப்': ஸ்னப்பர் எவ்வளவு உழைக்கிறது?

மெல்லிசைக் கச்சேரியில் பாடகர் மெதுவாக இழுத்துப் பாடும் நேரத்தில் யாராவது பெடஸ்டல் ஃபேனை அணைப்பார்கள்; ஸ்பீக்கரில் 'டப்' என்று வெடிக்கும். மோட்டார் சுருளில் ஓடிய கரன்ட் சட்டென அறுபடும்போது ஸ்விட்ச் முனைகளில் பொறி பறக்கிறது. அது லைன் வழியாகவும் காற்று வழியாகவும் மைக் கேபிளுக்குள் புகுந்துவிடுகிறது.

மருந்து எளிது: 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏசி எக்ஸ்2 (மெயின் லைனில் நேரடியாக மாட்டத் தகுந்த பாதுகாப்பு வகை) கன்டென்சர் ஒன்று, 100 ஓம் 1 வாட் ரெசிஸ்டர் ஒன்று, இரண்டும் தொடராக. பொறியை அடக்கும் இந்த ஜோடிதான் ஸ்னப்பர். எக்ஸ்2 முத்திரை இல்லாத டிசி கன்டென்சரைப் போடவே கூடாது. ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். பலர் இதை ஸ்விட்சுக்குக் குறுக்கே மாட்டுகிறார்கள். அப்படி மாட்டினால் அணைத்த பிறகும் 7 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசியும், அதே ஸ்விட்சில் இருக்கும் எல்இடி விளக்கு மங்கலாக எரியும். ஸ்விட்சுக்கு அடுத்து, சாக்கெட்டின் லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மாட்டுவதே மேல். அதன்பின் ஃபேனை அதன் வேகப் பொத்தானில் அணைக்காமல் ஸ்விட்ச் போர்டில்தான் அணைக்க வேண்டும். வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

நாள்பட ஒரு குறை தெரியும். ஒவ்வொரு மின்னெழுச்சியிலும் கன்டென்சரின் உலோகப் படலம் கொஞ்சம் கருகித் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். மதிப்பு இறங்கிக்கொண்டே வரும். ஆண்டுக்கொருமுறை கழற்றி மீட்டரில் அளந்து, 0.08 மைக்ரோஃபாரடுக்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள்.

விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் தரும் 'ர்ர்ர்' இரைச்சலுக்கு இது உதவாது. டிம்மர் நொடிக்கு 100 முறை கரன்டை வெட்டித் தருகிறது. விளக்குகளை வேறு ஃபேஸுக்கு மாற்றி, மிக்சர், கீபோர்டு, கிடார் ஆம்ப் மூன்றையும் ஒரே போர்டில் இருந்து எடுத்தால்தான் குறையும். விளக்கு ஒயரும் மைக் கேபிளும் ஒரு அடியாவது தள்ளி ஓடட்டும். குறுக்கிட்டே ஆகவேண்டும் என்றால் செங்குத்தாக.

லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் வரும் இரைச்சலுக்கு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (லேப்டாப் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி) போட்டு, அதில் ஒலி கேபிளின் கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டினால் போதும். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள். கிடார் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு வைப்பவரின் உயிர் அந்தப் பின்னில் இருக்கிறது.

கேபிளில் மாட்டும் காந்தப்பொருள் வளையமான ஃபெரைட் கிளிப்புக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் வீண். டிம்மரின் 100 ஹெர்ட்ஸ் இரைச்சலை அது தொடாது. செல்போன், ரேடியோ அலைக் குறுக்கீட்டுக்கு உதவும், அதுவும் கேபிளை ஐந்தாறு சுற்றுச் சுற்றினால்தான்.