உடைந்த மெயில் தலைப்புகள்: தண்டர்பேர்ட் எதைத் தேற்றும், எதைத் தேற்றாது

புதுச்சேரியில் விருந்தினர் விடுதி நடத்துபவர்களுக்குத் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் என மூன்று மொழியிலும் மெயில் வரும். தலைப்பு வரி உடைவதும் இங்கே அதிகம்தான். இதற்கு ஒரு மெயில் மென்பொருள் சொல்லச் சொன்னால், இலவசமாகக் கிடைக்கும் தண்டர்பேர்ட்.

ஆங்கிலம் அல்லாத தலைப்பை, இன்ன குறியீடு என்று சீட்டு ஒட்டிப் பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டும் என்கிறது 1996-இல் வந்த ஆர்எஃப்சி 2047 என்ற இணைய மெயில் விதி. ஒரு பொட்டலம் 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடான யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் (எழுத்து, கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி) 3 பைட். பைட்டுகளைச் சாதாரண ஆங்கில எழுத்தாக மாற்றும் பேஸ்64 முறையில் சீட்டுக்குப் போக மிஞ்சுவது 45 பைட், அதாவது 15 குறி. 'புதுச்சேரி' மட்டுமே 10 குறி! ஆகவே தலைப்பு கொஞ்சம் நீண்டாலே இரண்டாவது பொட்டலம் கட்டாயம். அரைகுறையாக எழுதிய பில்லிங், புக்கிங் மென்பொருள்கள் எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடும். பொட்டலத்தைத் தனித்தனியாகப் பிரிக்கும் செயலியில் அந்த இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி நிற்கும். தண்டர்பேர்ட் ஒரே குறியீட்டுப் பொட்டலங்களைச் சேர்த்துப் படிப்பதால் எழுத்து பிழைத்துவிடுகிறது. இந்த ஒன்றுக்காகவே அதை வைத்துக்கொள்ளலாம்.

தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் (à) வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் (®) மாறி மாறி வந்தால், அது தமிழ் யூடிஎஃப்-8ஐ மேற்கத்தியக் குறியீடாகப் படித்த கோளாறு. தலையில் கோடு போட்ட பிரெஞ்சு 'ஈ' (é) இதே கோளாறில் அலைக்கோடு போட்ட 'ஏ' (Ã), வட்டத்துக்குள் 'சி' (©) என இரண்டாகிவிடும். அனுப்பிய இடத்திலேயே அப்படிப் படித்து, மறுபடி யூடிஎஃப்-8 ஆக்கியிருந்தால் வியூ மெனுவின் ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங் உதவாது. கன்ட்ரோல்+யூ அழுத்தி, மூலத்தில் சப்ஜெக்ட் வரியை நகலெடுத்து அனுப்பியவருக்கே கொடுங்கள். திருத்த வேண்டியது அவர்கள் பக்கம். வெறும் கேள்விக்குறி வரிசை என்றால் எழுத்து அங்கேயே தொலைந்துபோயிற்று, தேடிப் பயனில்லை.

ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே அரைப்புள்ளி சிதறிக் கிடந்தால் அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. குறியீட்டுப் பிழையே அல்ல. பாமினியை யூனிகோடாக மாற்றும் எழுத்துரு மாற்றியில் போட்டால் போதும்.

பட்டியலில் ஒரு மாதிரியும் மெயிலைத் திறந்தால் வேறு மாதிரியும் தலைப்பு தெரிந்தால், ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸில் ரிப்பேர் ஃபோல்டர் கொடுங்கள். பழைய அட்டவணை அழிந்து புதிதாக உருவாகும்; பெரிய இன்பாக்ஸ் என்றால் நேரம் பிடிக்கும்.

குறை ஒன்று உண்டு. வந்த மெயிலின் தலைப்பைத் திருத்த இதில் வழியில்லை, தனி ஆட்-ஆன் வேண்டும். பதில் எழுதும்போது தலைப்பைப் புதிதாக அடித்துக்கொள்ளலாம். தண்டர்பேர்டில் உரையாடல் இழை அறாது. ஆனால் ஜிமெயிலில் படிப்பவருக்கு அது தனி உரையாடலாகப் பிரிந்துபோகும்.