கடனோடு சேர்த்துக் கட்டிவிட்ட காப்பீடு: ஆம்புட்ஸ்மேனா, நுகர்வோர் கோர்ட்டா?

2023 ஜூலையில் நான்கு லட்சத்துக்குப் பர்சனல் லோன் போட்டேன். கணக்கில் வந்து விழுந்தது 3,66,560. புராசசிங் கட்டணம் இரண்டு சதவீதம், அதற்கு மேல் ஜிஎஸ்டி, ஆக 9,440 பிடிப்பார்கள் என்று தெரியும். மிச்சம் 24,000 எங்கே போனது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது, மண்டபத்துக்காரர் பாக்கிக்கு வாசலில் நிற்கிறார். வந்தவரை லாபம் என்று எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பத்து மாதம் கழித்து சிபில் ஸ்கோர் ஏன் இறங்கியது என்று பார்க்கப்போய் லோன் ஸ்டேட்மென்ட்டை இறக்கினேன். அதில் 'குரூப் கிரெடிட் லைஃப்' (கடன் வாங்கியவர் இறந்தால் மிச்சக் கடனுக்கான ஆயுள் காப்பீடு) என்ற பெயரில் உட்கார்ந்திருந்தது அந்த 24,000. டேப்லெட்டை நீட்டி "ஓடிபி மட்டும் சொல்லுங்க சார், மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்ற வங்கிப் பையன் இதையும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இதில் பலர் கவனிக்காத விஷயம், பிரீமியமும் கடனில்தான் சேர்கிறது என்பது. 15 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு என் இஎம்ஐ 9,516. அதில் 571 ரூபாய் காப்பீட்டுக்கு. அறுபது மாதம் கட்டி முடித்தால் 24,000 ரூபாய் காப்பீட்டுக்கு நான் கொடுத்திருப்பது 34,258.

கூடவே இன்னொரு ரணம். 2024 தொடக்கத்தில் வேலை மாறினேன், சம்பளம் இரண்டு மாதம் இழுத்தது. மூன்று இஎம்ஐ பவுன்ஸ். மூன்று தவணைக்கு ஐந்து முறை பணம் எடுக்கக் கணக்கைத் தட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் கடன் கொடுத்த வங்கி 590, கணக்கு வைத்திருந்த வங்கி 590. ஆக 5,900. பழைய கம்பெனி சம்பளம் நின்றதும் சம்பளக் கணக்கு சாதா சேமிப்புக் கணக்காகி, மினிமம் பேலன்ஸ் அபராதம் விழுந்து, மைனஸ் 1,062-க்குப் போய்விட்டது. கையில் காசில்லாதவனிடம்தான் இத்தனை கட்டணமும்.

என் முன்னால் இருந்த வழிகள் நான்கு. வங்கியிடமே மல்லுக்கட்டுவது, ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி), காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன், மாவட்ட நுகர்வோர் ஆணையம். நான் போனது ரிசர்வ் வங்கி வழி. என் மச்சான் இதே மாதிரி ஒரு வழக்கில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனவர். அதனால் இரண்டையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். என் சாய்வு ஆம்புட்ஸ்மேன் பக்கம், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வங்கி. கிளை மேலாளரிடம் போய்ப் புலம்புவது புகார் ஆகாது. மெயிலோ, முத்திரை வைத்த நகலோ, புகார் எண்ணோ வேண்டும். எப்படியும் ஆம்புட்ஸ்மேனிடம் போவதற்கு முன்னால் வங்கிக்கு எழுதியாக வேண்டும்; அவர்கள் கைவிரித்துப் பதில் போட்டால் உடனே போகலாம், பதிலே இல்லையென்றால் 30 நாள் பொறுக்க வேண்டும். ஆனால் இந்தப் படியை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். சில விஷயங்கள் இங்கேயே முடிந்துவிடும். மினிமம் பேலன்ஸ் அபராதத்தால் மட்டும் ஒரு சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக்கூடாது என்று 2014 நவம்பர் 20 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை சொல்கிறது. அந்தத் தேதியைப் போட்டு, வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு ஒரு மெயில் தட்டினேன். ஒன்பதாவது நாள் மைனஸ் காணாமல் போனது. ஒரு மன்னிப்பு வார்த்தை இல்லை, அது வேறு கதை.

கட்டணங்களைப் பார்க்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். தவணை தவறினால் போடுவது 'அபராத வட்டி' அல்ல, 'அபராதக் கட்டணம்'தான், அதை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது என்று 2023 ஆகஸ்ட்டில் உத்தரவு வந்து, புதுக் கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு வாங்கிய கடன் என்றால் உங்கள் கை இன்னும் பலம். 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற தாளில் காப்பீடு உட்பட எல்லாச் செலவும் இருக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதமில்லாமல் பிடிக்க முடியாது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, நான் முன்னாலேயே மாட்டியவன்.

காப்பீட்டுக்கு வருவோம். பாலிசி வந்த புதிதில் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் 'ஃப்ரீ லுக்' காலம் எப்போதோ முடிந்திருந்தது (இப்போது அது 30 நாள்). வங்கி ஜூன் 5-ம் தேதி பதில் அனுப்பியது. "காப்பீடு தொடர்பான குறைகளுக்குக் காப்பீட்டு நிறுவனத்தை அணுகவும்." காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலும் இதற்குள் ஒரு புகார் போட்டு வைத்திருந்தேன். அதற்கு வந்த பதில், "விண்ணப்பத்தில் உங்கள் ஒப்புதல் உள்ளது." கைவிரித்துவிட்டார்கள், ஆனால் போகிற போக்கில் அந்த விண்ணப்ப நகலை இணைத்து அனுப்பியிருந்தார்கள். அதுதான் கையில் கிடைத்த கோடாலி.

அந்தத் தாளை அன்றிரவு வரிவரியாகப் படித்தேன். மெயில் முகவரி என்னுடையதல்ல. நாமினி இடம் காலி. உயரம் 170, எடை 70, என்னைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். 'சர்க்கரை நோய் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக். ஆறு வருடமாக இரண்டு வேளை மாத்திரை போடுகிறவன் நான். வீட்டுக்காரி அந்த இடத்தில் விரலை வைத்து, "அப்போ உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா இதுவும் வராதா?" என்றாள். பாலிசி போட்டு மூன்று வருடத்துக்குள் இறந்தால், நோயை மறைத்ததாகச் சொல்லி க்ளெய்மை மறுக்கக் காப்பீட்டுச் சட்டம் 45-ம் பிரிவு நிறுவனத்துக்கு இடம் கொடுக்கிறது. பணம் போனது மட்டுமல்ல, வாங்கிய சரக்கே சொத்தை.

இனி முக்கியமான விஷயம். இரண்டு வழிக்கும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆம்புட்ஸ்மேனுக்குக் காசே இல்லை. நுகர்வோர் ஆணையத்திலும் நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். அதிகாரமும் இரண்டு பக்கமும் உண்டு. ஆகவே அதையெல்லாம் வைத்து முடிவெடுக்காதீர்கள். கடனில் இருக்கிறவனுக்கு முடிவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: வழக்கு நடக்கும்போது மீட்டர் ஓடுகிறது.

புகார் போட்டதால் இஎம்ஐ நிற்காது. "அவங்க ஏமாத்திட்டாங்க, நான் ஏன் கட்டணும்" என்று ரோஷத்தில் நிறுத்தினால் பவுன்ஸ் கட்டணமும் அபராதமும் ஏறும், சிபில் சரியும், உங்கள் புகாரின் நியாயமே தவணை தவறியவனின் சாக்காகிவிடும். கட்டிக்கொண்டேதான் சண்டை போட வேண்டும். அப்படிக் கட்டும் ஒவ்வொரு மாதமும் தலையில் கட்டிய பிரீமியத்துக்கும் சேர்த்தே வட்டி கட்டுகிறோம். எனக்குப் பணம் திரும்பி வந்தபோது 14 தவணை போயிருந்தது. அந்த 24,000-க்கு மட்டும் வட்டியாக ஏறக்குறைய 3,900 ரூபாய் போய்விட்டது. இரண்டு வருடம் இழுத்திருந்தால் இன்னும் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆம்புட்ஸ்மேனிடம் நான் ஜூன் 10-ம் தேதி ரிசர்வ் வங்கியின் புகார் தளமான சிஎம்எஸ்-ல் போட்டேன். செப்டம்பர் 5-ம் தேதி பணம் வந்தது. 87 நாள். மச்சான் வழக்குக்கு 26 மாதம். சட்டத்தில் மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்றுதான் இருக்கிறது. எதிர்த்தரப்பு பதில் போடவே 30 நாளும் மேலே 15 நாளும் வாங்கலாம், அதன் பிறகு வாய்தா மேல் வாய்தா. "ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் லீவு மாப்ளே, லீவுக்குச் சம்பளம் பிடிச்சதைக் கேஸ்ல சேர்க்க முடியுமான்னு பாக்குறேன்" என்பார். கடைசியில் ஜெயித்தார். பிரீமியம், வட்டி, மன உளைச்சலுக்குப் பத்தாயிரம், செலவுக்கு ஐந்தாயிரம். நாற்பத்தைந்து நாள் கெடு முடியும் தறுவாயில் வங்கி மாநில ஆணையத்துக்கு அப்பீல் போனது. அப்பீலுக்குப் பாதித் தொகையைக் கட்டியாக வேண்டும் என்பது மட்டும் அவருக்கு ஆறுதல்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம், வரிசை. ஆம்புட்ஸ்மேனிடம் போய்த் தோற்றால் பிறகு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது ஆம்புட்ஸ்மேன் அதே புகாரைத் தொடமாட்டார். ஒருவழிப் பாதை. ஆகவே வேகமான கதவை முதலில் தட்டுவதுதான் புத்தி. கண் வைக்க வேண்டியது ஆணையத்தில் வழக்குப் போடுவதற்கான இரண்டு வருடக் கெடு மீது. ஆம்புட்ஸ்மேனிடம் காத்திருக்கும் நாட்களிலும் அது கரைந்துகொண்டிருக்கும்.

ஆம்புட்ஸ்மேன் புகாரை எழுதும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. 'பாலிசி சரியில்லை' என்று எழுதினால், காப்பீட்டு நிறுவனத்தைப் பாருங்கள் என்று தட்டிவிட வழி கிடைக்கும். நான் பாலிசியைப் பற்றி எழுதவில்லை, வங்கி செய்ததை எழுதினேன். வங்கி இந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் ஏஜென்ட், அதற்குக் கமிஷன் வாங்குகிறது. என் வங்கியின் ஆள் என் உடல்நிலையைக் கேட்காமலே டிக் அடித்தார். மெயில் முகவரி என்னுடையதல்ல, கடன் விண்ணப்பத்தில் இருக்கும் முகவரியோடு ஒப்பிடுங்கள். மூன்று இணைப்பு: கடன் விண்ணப்பம், காப்பீட்டு விண்ணப்பம், 2018-ல் எடுத்த சர்க்கரைப் பரிசோதனைத் தாள். ஒன்றரைப் பக்கம், அவ்வளவுதான். ஆங்கிலம் வராது என்றால் தமிழில் எழுதி சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கிப் புகார் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் தமிழிலும் பேசுகிறார்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். அங்கே சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை எல்லாம் கிடையாது. காகிதம் பேசினால் ஜெயம். 'அவர் வாயால் சொன்னார்' என்பது மட்டுமே கையில் இருந்தால் புகாரை மூடிவிட வாய்ப்பு அதிகம். நான் மட்டும் அந்த விண்ணப்ப நகல் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் வரை கொடுக்க ரிசர்வ் வங்கியின் 2021 ஆம்புட்ஸ்மேன் திட்டத்தில் இடம் இருந்தது. என் விவகாரம் சமரசத்தில் முடிந்ததால் அந்த வகையில் எனக்குப் பைசா வரவில்லை. போன வட்டியும் வரவில்லை. பவுன்ஸ் கட்டணத்தில் ஒரே தவணைக்கு இரண்டாம் முறை தட்டியதற்கான 1,180-ஐ மட்டும் 'நல்லெண்ண அடிப்படையில்' கொடுத்தார்கள். மூன்று தவணை தவறியது என் தவறுதான், அதற்கு அழ முடியாது.

காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் சென்னையில் இருக்கிறார், அவரும் இலவசம்தான். அந்தப் படி நான் ஏறியதில்லை. ஏறாததற்குக் காரணம், அவர் கை காப்பீட்டு விவகாரத்தின் மேல்தான், பவுன்ஸ் கட்டணப் பஞ்சாயத்தை அங்கே கொண்டுபோக முடியாது. க்ளெய்ம் மறுக்கப்பட்ட குடும்பத்துக்கு அது நல்ல இடமாக இருக்கலாம்.

மச்சான் வழி யாருக்குப் பொருந்தும் என்றால், இழப்பு பெரிது, வாய்ச்சொல்லைத்தான் நிரூபிக்க வேண்டும், காத்திருக்கத் தெம்பு இருக்கிறது என்பவர்களுக்கு. கடை வைக்கக் கடன் வாங்கியவர் என்றால் 'இது வணிக நோக்கம், நீ நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு கிளம்பும், வயிற்றுப் பிழைப்புக்கான சுயதொழில் என்று காட்டத் தயாராக இருங்கள். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிக் கடன் என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன் எடுக்கமாட்டார், தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் போக வேண்டும். வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையே தொடங்கிவிட்டது என்றால் இந்த ஒப்பீட்டையே மூடிவைத்துவிட்டு, 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு ஓடுங்கள். சென்னை, மதுரை, கோவையில் இருக்கிறது.

இங்கிலாந்தில் பிபிஐ (கடனோடு சேர்த்து விற்ற தவணைப் பாதுகாப்புக் காப்பீடு) என்ற பெயரில் இதே வியாபாரம் நடந்தது. 2011-ல் அங்கே உயர் நீதிமன்றத்தில் வங்கிகள் தோற்றன, 2019 ஆகஸ்ட் 29 வரை புகார் வாங்கி 3,800 கோடி பவுண்டுக்கு மேல் திருப்பிக் கொடுத்தார்கள். நம் ஊரில் அவரவர் ஒண்டியாகத்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கேட்டு வாங்கிய கதையின் வால் ஒன்று பாக்கி. 24,000-ஐக் கடன் கணக்கிலேயே வரவு வைத்துத் தவணைக் காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தேன். கையில் வாங்கினால் தீபாவளிக்குக் கரைந்துவிடும் என்று எனக்கே என் மேல் பயம். வரவு வைத்தார்கள். அடுத்த நாள் ஸ்டேட்மென்ட்டில் புதிதாக ஒரு வரி: முன்கூட்டிப் பகுதித் தொகை செலுத்தியதற்கான கட்டணம் நான்கு சதவீதமும் ஜிஎஸ்டியும், 1,132 ரூபாய் 80 காசு. அவர்கள் திருப்பிக் கொடுத்த பணத்துக்கு என்னிடம் கட்டணம். அதை எடுக்க இன்னொரு மெயில், இன்னொரு புகார் எண், பதினொரு நாள்.